செத்தவீட்டுக்கு என்ன உடுத்து வரவேணும்? முன்கூட்டியே எழுதி வைப்பவர்களுக்கு

"என்ரை செத்தவீட்டுக்கு ஒருதரும் அழுது வடியிற மாதிரி உடுத்துக்கொண்டு வரக்கூடாது, நல்ல வடிவா வரவேணும்" என்று யாழ்ப்பாணத்தில் வயது போனவர்கள் பலர் சாப்பாட்டு மேசையில் சொல்வதுண்டு. சொன்னபடி நடந்த வீடுகள் மிகக் குறைவு. பிள்ளைகளுக்கு அக்கறை இல்லாததால் அப்படி ஆவதில்லை. உயிர் போன நேரத்திலிருந்து மரண அறிவித்தல் பத்திரிகைக்குப் போகும் வரை கிடைப்பது சில மணித்தியாலம்தான். அதற்குள் கிராம சேவையாளரிடம் போக வேணும், மலர்ச்சாலையோடு பேச வேணும், பந்தல்காரரைப் பிடிக்க வேணும், ஐயரிடம் நேரம் கேட்க வேணும், கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறவர்களுக்கு அடிக்க வேணும். அந்த அமளியில் முடிவெடுப்பவர் அழுதுகொண்டிருக்கும் மகளல்ல. ஊரில் பல செத்தவீடுகளை முன்னின்று நடத்திப் பழகிய ஒரு மச்சானோ பக்கத்து வீட்டு அண்ணையோதான் முடிவெடுப்பார். அவருக்குத் தெரிந்த வழமைப்படிதான் எல்லாம் ஓடும். மேசையில் சொன்ன பேச்சு அவர் காதுக்குப் போயிருக்காது.

ஆகவே விருப்பம் எழுத்தில் இருக்க வேணும், அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேணும், ஒரு நாளுக்குள் ஊராரால் செய்யக்கூடியதாகவும் இருக்க வேணும். மூன்றாவதில்தான் பெரும்பாலான கடிதங்கள் தோற்கின்றன.

வெளிநாட்டில் இருந்து யாரும் வரக் காத்திருக்காவிட்டால் இங்கே மறுநாளே எடுத்துவிடுவார்கள். வரவேண்டியவர் இருந்தால் எம்பாம் செய்து இரண்டு மூன்று நாள் வைத்திருப்பார்கள், சில வேளை அதைவிடக் கூட. எப்படியானாலும் அயலட்டையில் இருந்து வருகிறவர் காலையில் செய்தி கேட்டு மத்தியானம் படலையடியில் நிற்பார். கடைக்குப் போய்ச் சேலை வாங்கிச் சட்டை தைக்க அவருக்கு நேரமும் இல்லை, பலருக்குக் காசும் இல்லை. அதனால் ஒரே ஒரு நிறத்தைக் குறித்து எழுதாதீர்கள். "எல்லாரும் ஊதா" என்று எழுதினால் ஊதா வைத்திருக்கும் கால்வாசிப் பேர் ஊதாவில் வருவார்கள், மற்றவர்கள் சங்கடப்பட்டுக்கொண்டு பின்வரிசையில் இருப்பார்கள். நிறக்கூட்டமாக எழுதுங்கள்: வெள்ளை, கிறீம், வெளிர்நீலம், வெளிர்பச்சை, சாம்பல். இதில் ஒன்றாவது இல்லாத அலுமாரி யாழ்ப்பாணத்தில் இருக்காது. நல்ல நிறமாக வரவேணும் என்றால் "கடும் கறுப்பைத் தவிர எந்த நிறமும்" என்று எழுதலாம், அதுவும் எல்லாராலும் முடியும்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். ஒழுங்கையில் ஆகக் குறைந்த வசதியுள்ள வீட்டை நினையுங்கள். அந்த வீட்டு அம்மா எதை உடுத்து வருவா? அவவிடம் உங்கள் கடிதத்துக்குப் பொருந்தும் உடுப்பு ஒன்றாவது இல்லையென்றால் கடிதத்தை மாற்றுங்கள்.

அலுமாரிக்கு அடுத்து கிணற்றடி. செத்தவீட்டுக்குப் போய் வந்தவர் வீட்டுக்குள் ஏற மாட்டார். நேரே கிணற்றடிக்குப் போய், உடுத்தது முழுவதையும் வாளியில் ஊறப்போட்டு, தலைக்கு முழுகிய பிறகே உள்ளே போவார். நகர்ப்புறத்துப் பிள்ளைகள்கூட, குளியலறையில் என்றாலும், இதைச் செய்கிறார்கள். இதனால்தான் "பட்டு உடுத்து வாங்கோ" என்ற விருப்பம் எப்போதும் தோற்கிறது. காஞ்சிபுரத்தை யார் வாளியில் ஊறப்போடுவார்? ஊறப்போடாமல் வீட்டுக்குள் கொண்டுபோகவும் மனம் வராது. பட்டு கேட்ட வீட்டுக்கு ஆட்கள் பட்டுப்போலத் தோன்றும் பொலியெஸ்ரர் சேலையில் வருவார்கள், அந்தத் துணியில் வேறு ஆபத்து இருக்கிறது. பத்திக் துணி கேட்பதும் அப்படித்தான். புதுப் பத்திக் சாயம் விடும், அதே வாளியில் ஊறும் வெள்ளை வேட்டி பாழாகும். கேட்பது எதுவானாலும் அன்று பின்னேரமே துவைத்துக் காயப்போடக்கூடிய பருத்தியாகவோ பருத்தி கலந்ததாகவோ இருக்கட்டும்.

இனி, வெள்ளை. எங்கள் ஊரில் செத்தவீட்டு உடுப்பு வெள்ளை என்பது பொதுவாகத் தெரிந்ததுதான். தெற்கிலிருந்து வரும் சிங்கள நண்பர்களும் வெள்ளையில்தான் வருவார்கள். கத்தோலிக்க வீடுகளில் வெள்ளையும் கறுப்பும் கலந்து நிற்கும். ஆனால் "எல்லாரும் வெள்ளை" என்று எழுதும்போது பெண்கள் பக்கத்தில் ஒரு நுணுக்கம் உண்டு, ஆண்கள் எழுதும் கடிதங்களில் அது தவறிவிடும். கரை இல்லாத தனி வெள்ளைச் சேலை இங்கே நெடுங்காலம் கைம்பெண்ணின் உடையாக இருந்தது. புருஷன் உயிரோடு இருக்கும் பெண் அதை உடுக்கக் கூசுவா, அவ உடுக்க நினைத்தாலும் மாமி விடமாட்டா. அவர்கள் எடுப்பது நீலக்கரை, பச்சைக்கரை, சின்னப் பூப்போட்ட வெள்ளை. எனவே "வெள்ளை அல்லது கரை வைத்த வெள்ளை" என்று இரண்டு சொல் கூட்டி எழுதினால் பாதிப் பேரின் சங்கடம் தீரும்.

மறுபக்கம், நிறமாக வரச்சொல்லும் கடிதம். வெள்ளை உடுத்துப் பழகிய வயதான கைம்பெண்களை அது இக்கட்டில் விடும். எண்பது வயதுப் பெரியம்மா இத்தனை வருடம் வெள்ளையில் இருந்துவிட்டு உங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் மஞ்சள் சேலையில் நிற்க வேண்டுமா? விரும்பினால் நிற்கட்டும், நிற்காவிட்டால் ஒருவரும் கேட்கக்கூடாது. "வழமையாக வெள்ளை உடுப்பவர்கள் அப்படியே வரலாம்" என்று ஒரு வரி போடுங்கள்.

இந்த விடயத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமானது மனைவியின் உடுப்பு. கணவன் எழுதும் கடிதத்தில் வேறு எதை விட்டாலும் இதை விடக்கூடாது. பெட்டி எடுக்கும் நேரத்துக்குச் சற்று முன் பெண்கள் அவவைச் சூழ்ந்து நிற்பார்கள். பொட்டு, பூ, தாலி, சேலை நிறம் எல்லாம் அந்தச் சில நிமிடங்களில் தீர்மானமாகும். அந்த நேரம் அவவுக்கு வாய் திறக்கத் தெம்பு இருக்காது. மகள் தடுத்தால் "உனக்கு என்ன தெரியும்" என்று ஒரு சொல்லில் முடிந்துவிடும். செத்தவரின் சொந்தக் கையெழுத்தில் இருக்கும் நாலு வரிக்கு மட்டும் அங்கே எதிர்ப்பேச்சு வராது. "நான் போன பிறகு என் மனைவியின் பொட்டை ஒருவரும் அழிக்கக்கூடாது. அவ விரும்பும் நிறத்தில் சேலை உடுக்கட்டும். தாலியை என்ன செய்வது என்பதை அவவே, அவ விரும்பும் நேரத்தில் முடிவு செய்யட்டும்." இவ்வளவு போதும். "அவ விரும்பும்" என்ற சொல் கட்டாயம் இருக்க வேணும். வழமைப்படி செய்வதுதான் தன் மனதுக்கு ஆறுதல் என்று அவ நினைத்தால், உங்கள் கடிதம் அவவை அதிலிருந்து தடுக்கும் இன்னொரு கட்டளை ஆகக்கூடாது.

இந்தக் கடிதத்தை மகனிடம் மட்டும் கொடுத்து வைக்காதீர்கள். அந்த நேரம் மகன் கிரியையில் ஐயருக்கு முன்னால் ஈர வேட்டியோடு இருப்பார், பெண்கள் நடுவே அவர் வரமுடியாது. மகளிடம், அல்லது மனைவியின் சகோதரியிடம் கொடுங்கள். மகள் இளையவள் என்றால் சகோதரி நல்லது, வயதுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. ஏற்கெனவே கைம்பெண்ணாக இருக்கும் சகோதரிகள், மைத்துனிமார் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: நிறமாக உடுத்து, முன்வரிசையில் வந்து நிற்கச் சொல்லுங்கள். உயிரோடு இருக்கும்போது அவர்களை நேரில் கூப்பிட்டுச் சொன்னால் இன்னும் நல்லது.

உங்கள் கையில் இல்லாத உடுப்புகளும் உண்டு, அவற்றில் தலையிட்டால் முழுக் கடிதத்தையும் ஒதுக்கிவிடுவார்கள். சைவக் கிரியை செய்யும் வீட்டில் கொள்ளி வைப்பவர் வெறும் மேலோடு வேட்டியும் சால்வையும்தான். அதில் நிறம், தையல் என்று எதுவும் கேட்காதீர்கள். உங்கள் உடலுக்கு உடுத்துவதிலும் பாதிதான் உங்கள் முடிவு. அரப்பு எண்ணெய் வைத்து முழுக வார்த்த பின் உடுத்தும் வேட்டியோ சேலையோ நீங்கள் எடுத்து வைத்ததாக இருக்கலாம். ஆனால் பிறந்த வீட்டுக்காரரும் சம்பந்திமாரும் கொண்டுவரும் கோடி அதன்மேல் வரும், அது அவர்களுடைய உரிமை. ஐயரோடு முன்கூட்டியே ஒருதரம் பேசி, கிரியைக்கு உரியது எது, வருகிறவர்களுக்கு உரியது எது என்று பிரித்துக்கொண்டால் பிறகு இழுபறி வராது. ஐயர்மார் இதில் பெரும்பாலும் தடை சொல்வதில்லை. தங்கள் பகுதியில் கை வைக்காமல் இருந்தால் சரி என்பார்கள்.

நெருப்பும் மஞ்சளும் இங்கே தனியாகச் சொல்ல வேண்டியவை.

பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிக்கும்போது என்ன நடக்கிறது என்று கிட்ட நின்று பாருங்கள். ஒரு முழமும் இல்லாத தடி, நுனியில் நெய்யில் தோய்த்த துணிச்சுற்று. ஆறு வயதுப் பிள்ளை அதைத் தன் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு பெட்டியைச் சுற்றி நிற்கும். பக்கத்துப் பிள்ளை அசையும், புகை கண்ணில் படும், கை சாயும். பிறந்தநாளுக்கு வாங்கிய நைலோன் வலைச் சட்டையைத்தான் அந்தப் பிள்ளைக்கு அன்று போட்டிருப்பார்கள், வெளிநாட்டில் இருந்து வரும் பிள்ளைகள் என்றால் நிச்சயமாக. பொலியெஸ்ரர் 250 பாகை செல்சியஸைத் தாண்டினால் உருகும், நைலோன் வகைகள் சில அதற்கும் முந்தி உருகும். உருகிய துணி தோலில் ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் தோலோடு வரும். பருத்தியும் எரியும்தான், ஆனால் உருகி ஒட்டாது. ஆகவே கடிதத்தில் "பந்தம் பிடிக்கும் பிள்ளைகளுக்குப் பருத்தி உடுப்பு, வலைத்துணி வேண்டாம், தலைமுடியைப் பின்னிக் கட்டவும்" என்று எழுதுங்கள். ஆண்பிள்ளைக்கு நாலு முழ வேட்டியை இரண்டாக மடித்து இடுப்பில் கட்டி, மேலே ஒரு பட்டியையும் போட்டால் அவிழாது. பள்ளிக்கூடச் சீருடை பருத்தியென்றால் அதுவும் நல்லதே. வெள்ளை, எல்லா வீட்டிலும் இருப்பது. மயானத்துக்குப் போகும் ஆண்களுக்கும் இதே கதைதான். சிதையருகில் நிற்கப்போகிறவர் வழுவழுப்பான ரீசேட்டில் நிற்கக்கூடாது.

மஞ்சள் வருவது சுண்ணத்தால், அதாவது கிரியைக்கென்று உரலில் இடிக்கும் மஞ்சள் பொடியால். சுண்ணம் இடிக்கும்போது திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணப் பாடல்களைப் பாடுவது எங்கள் சைவ வீடுகளின் பழக்கம். உலக்கை போடும் பெண்களின் சேலையிலும், முன்னால் நிற்பவர்களின் வேட்டியிலும் மஞ்சள் பறக்கும். வீட்டுக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டதும் கறை சிவப்பாக மாறும், பலர் பயந்துபோய்க் குளோரின் ஊற்றித் துணியைக் கெடுத்துவிடுவார்கள். சவர்க்காரத்தின் காரத்தால் மஞ்சள் சிவக்கிறது, அவ்வளவுதான். பச்சைத் தண்ணீரில் நன்றாக அலசி, கறை பட்ட பக்கம் மேலே தெரிய நல்ல வெயிலில் காயப்போட வேணும். ஒரு நாள் வெயிலில் பெருமளவு வெளிறும், மிச்சம் அடுத்த தரம் போகும். வெயில்தான் மஞ்சளுக்கு மருந்து. "எல்லாரும் தூய வெள்ளை" என்று கேட்கிறவர்கள், உலக்கை பிடிக்கப்போகும் நாலைந்து பெண்களுக்கு மட்டும் பழைய சேலை உடுத்தச் சொல்லி முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

காலநிலையை மறந்து எழுதப்பட்ட கடிதங்களும் உண்டு. எந்த மாதம் போவோம் என்று யாருக்கும் தெரியாது. அதனால் சித்திரை வெயிலுக்கும் கார்த்திகை மழைக்கும் பொருந்தும்படி எழுத வேணும். தகரப் பந்தலுக்குக் கீழே மத்தியான வேளையில் கோட்டுப் போட்டவர் அரை மணித்தியாலம் தாங்கமாட்டார். வெளிநாட்டுப் பிள்ளைகள் கறுப்புக் கோட்டோடு இறங்குவார்கள், அங்கே அதுதான் மரியாதை என்று பழகியவர்கள். அவர்களுக்குத் தனியாக ஒரு வரி தேவை. சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் மெல்லிய சேலை நிற்காது, முந்தானையைக் குத்த இரண்டு சட்டைப்பின் கூட வேணும். மழைக்காலத்தில் ஒழுங்கை சேறாகும், எட்டு முழ வேட்டி முழங்கால் வரை நனையும். பெட்டி தூக்குபவர்கள் எட்டு முழத்தை உடுக்கக்கூடாது. பின்னால் வருபவர் காலில் மிதிபட்டு அவிழும். நாலு முழத்தை மடித்துக் கட்டி, இடுப்பில் சால்வையை இறுக்கினால்தான் தோளில் பாரத்தோடு நடக்கலாம். வேட்டி கட்டிப் பழகாத இளையவர்களுக்கு ஒட்டுப்பட்டி வைத்த வேட்டி கடைகளில் கிடைக்கிறது. தூக்குபவர்கள் அதையும் நம்பாமல் மேலே ஒரு இடுப்புப்பட்டி போட வேணும்.

செருப்பையும் எழுதுங்கள். படலையடியில் கழற்ற வேணும், திரும்ப வந்து நூறு சோடிக்குள் தேட வேணும், மயானம் வரை நடக்க வேணும். நாடா கட்டும் சப்பாத்து உதவாது. பெண்பிள்ளைகள் மயானத்துக்குப் போவது முந்தி வழக்கமில்லை, இப்போது சில குடும்பங்களில் போகிறார்கள். உங்கள் மகள்மார் வரவேணும் என்று நீங்கள் விரும்பினால் அதைத் தெளிவாக எழுதுங்கள். அப்போதுதான் அவர்கள் சேலையா சல்வாரா என்று காலையிலேயே யோசித்து உடுப்பார்கள். படலையடியில் நின்று தயங்க வேண்டிவராது.

சில நிறங்களுக்கு ஊரில் ஏற்கெனவே வேறு பொருள் உண்டு. தனிச் சிவப்பு கலியாணக் கூறையை நினைவூட்டும், வயதானவர்கள் முகம் சுளிப்பார்கள். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து வந்தால் அது இங்கே மாவீரர் நினைவின் நிறம். வேறு காரணத்துக்காக நீங்கள் அந்த இரண்டையும் கேட்டாலும் பார்ப்பவர்கள் அப்படித்தான் வாசிப்பார்கள். விளையாட்டுக் கழகத்தில் இருந்தவர் என்றால் கழகத்துப் பெடியள் கழக உடுப்பில்தான் வந்து தூக்குவார்கள், அதைத் தடுக்காதீர்கள். அது அவர்கள் தரும் மரியாதை. ஆசிரியராக இருந்தவருக்கும் இப்படியே, மாணவர் சீருடையில் வரிசையாக நிற்பதை வேறெந்த உடுப்பும் மிஞ்சாது.

உடுப்பை மாற்றச் சொல்லாமலே உங்கள் அடையாளம் ஒன்று எல்லாரிடமும் இருக்க வேணும் என்றால் துணிப்பட்டி நல்ல வழி. 112 சென்ரிமீற்றர் அகலப் பருத்தியில் ஒரு மீற்றர் வாங்கி, 4 சென்ரிமீற்றர் அகலத்தில் 25 நீளப்பட்டிகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் மூன்றாக நறுக்கினால் 37 சென்ரிமீற்றர் நீளத்தில் 75 பட்டி வரும். மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப்போட அந்த நீளம் போதும், அதைவிடக் குறைத்தால் ஆண்களின் கைக்கு எட்டாது. 300 பேர் வரக்கூடிய செத்தவீட்டுக்கு 4 மீற்றர் காணும். முதலிலேயே ஒருதரம் தண்ணீரில் ஊறவைத்துச் சாயம் விடுகிறதா என்று பாருங்கள். வியர்வையில் சாயம் விட்டால் வெள்ளைச் சட்டைக் கை நாசம். தட்டத்தில் வைத்துப் படலையடியில் இரண்டு பிள்ளைகள் கொடுக்கட்டும். வேண்டாம் என்பவர்களை வற்புறுத்த வேண்டாம். மயானத்தில் கழற்றி விட்டுவரலாமா, வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். அதற்கும் பதிலைக் கடிதத்தில் எழுதிவிடுங்கள். செத்தவீட்டுச் சாமானை வீட்டுக்குக் கொண்டுபோக விரும்பாதவர்களே அதிகம். சிதையில் போடச் சொல்வது எல்லாருக்கும் இலகு.

அறிவித்தலில் எங்கே எழுதுவது? எங்கள் பத்திரிகை மரண அறிவித்தலுக்கு ஒரு கட்டு உண்டு: பிறப்பிடம், வதிவிடம், இன்னாரின் அன்பு மகள், பாசமிகு மனைவி, கிரியை நேரம், "பூதவுடல் இந்து மயானத்தில் தகனம் செய்யப்படும்", கடைசியில் "இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்". உடுப்பு வரி தகன வரிக்குப் பின்னும் இந்தக் கடைசி வரிக்கு முன்னும் வர வேணும். வேறு இடத்தில் வைத்தால் பிள்ளைகள், மருமக்கள் பெயர்களுக்குள் புதைந்துபோகும், ஒருவரும் வாசிக்கமாட்டார்கள். இப்படி எழுதலாம்:

"அன்னாரின் விருப்பப்படி, இயலுமானவர்கள் வெளிர் நிற உடையில் வரலாம். எந்த உடையில் வந்தாலும் அன்போடு ஏற்றுக்கொள்கிறோம்."

இரண்டாம் வசனம் அலங்காரமல்ல. வேலைத்தளத்தில் இருந்து நேரே வருகிறவர், பஸ்ஸில் சாவகச்சேரியில் இருந்தோ பருத்தித்துறையில் இருந்தோ வருகிறவர், கடும் சிவப்புச் சட்டையில் படலையடியில் நின்று உள்ளே வரலாமோ என்று யோசிக்கக்கூடாது. "தவிர்க்கவும்", "கட்டாயம்", "அனுமதி இல்லை" போன்ற சொற்கள் செத்தவீட்டு அறிவித்தலில் வந்தால் ஊர் அதை வருடக்கணக்காகப் பேசும். செத்தவர் கேட்டதாகவே எழுத வேணும், வீட்டுக்காரர் கேட்பதாக எழுதக்கூடாது. முன்னதைச் செய்ய ஆட்களுக்கு ஆசை வரும், பின்னதில் எரிச்சல்தான் வரும்.

ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊருக்குச் சொல்வதென்றால் உடுப்பு வரியை அதில் சேர்க்காதீர்கள். ஓடும் வண்டியில் இருந்து பெயரும் நேரமும் கேட்டாலே பெரிய விடயம். "வெளிர் நிறம்" என்பது காற்றில் போய் வேறெதுவாகவோ கேட்கும். வைபர், வட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தில் அந்த வரியைப் பெரிய எழுத்தில் போடலாம், வெளிநாட்டார் அதைத்தான் பார்க்கிறார்கள். அவர்களுக்கென்று: "கோட்டும் கறுப்பும் தேவையில்லை, இங்கே வெக்கை, பருத்தி உடுப்புப் போதும்." நேரலை காட்டும் வீடுகளில் இன்னொன்றையும் கவனியுங்கள். மத்தியான வெயிலில் தூய வெள்ளை கமராவில் வெளிறி, முகங்கள் இருண்டு தெரியும். கிறீமும் வெளிர்நீலமும் நன்றாகத் தெரியும்.

வீட்டில் ஒரு பை தயாராக இருக்கட்டும். நாலு முழ வேட்டி ஆறு, சால்வை ஆறு, வெளிர் நிறப் பருத்திச் சேலை இரண்டு, சட்டைப்பின் ஒரு பெட்டி, அறிவித்தலுக்குரிய உங்கள் படம், கடிதம். வெறுங்கையோடு இறங்கும் வெளிநாட்டுப் பிள்ளைக்கும், தூக்க வரும் பெடியளுக்கும் இவை உதவும். வேட்டி சேலைகளை ஒருதரம் துவைத்து, கஞ்சி போடாமல் மடித்து வையுங்கள். கஞ்சியைத் தின்ன வெள்ளிப்பூச்சி வரும். வருடத்துக்கு ஒருதரம் எடுத்து மடிப்பை மாற்றாவிட்டால் மடிப்பு வழியே மஞ்சளாகிக் கிழியும். கொள்ளி வைப்பவரின் வேட்டியை இந்தப் பையில் வைக்க வேண்டாம், அது அன்று புதிதாக வாங்கும் கோடியாக இருக்கட்டும்.

கடிதத்தை மரணசாசனத்துக்குள் எழுதாதீர்கள். அதை எடுத்து வாசிக்கும்போது சாம்பல் கீரிமலைக் கடலில் கரைந்து நாளாகியிருக்கும். ஒரு தாளுக்குள் அடங்க எழுதி, திகதி போட்டு, கையெழுத்து வைத்து ஐந்து பிரதி எடுங்கள். ஒன்று பைக்குள், ஒன்று அறிவித்தல் எழுதக்கூடிய உறவினரிடம், ஒன்று முன் சொன்னபடி மகளிடம் அல்லது மனைவியின் சகோதரியிடம், ஒன்று வெளிநாட்டில் இருக்கும் மூத்த பிள்ளையிடம், ஒன்று செத்தவீடுகளை முன்னின்று நடத்தும் அந்த அயலவரிடம். கடைசிப் பிரதிதான் வேலை செய்யும். அவரைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்து, வாசித்துக் காட்டி, "இதிலை நடக்காதது எது?" என்று கேளுங்கள். அவர் தலையாட்டாத வரியை அங்கேயே வெட்டிவிடுங்கள். மனைவிக்கான வரியை மட்டும் அவர் சொன்னாலும் வெட்டாதீர்கள்.

மேலே சொன்னவை எல்லாம் எடுக்கும் நாளுக்கு மட்டும் என்றும் எழுதிவிடுங்கள். அதற்குப் பின்னால் வரும் எட்டுச் செலவுக்கும் 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கும் அந்தந்த வீட்டு வழமை உண்டு. அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குப் போகிறவர் முழுகி மாற்ற உடுப்புக் கொண்டுபோக வேணும், அன்று மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வருகிறவர் தனக்கு விருப்பமானதை உடுத்து வருவார்.